எத்தனை மடங்கு?

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றினர் நம் முன்னோர். இன்றைய பள்ளிகளிலோ அவ்விரு கண்களையும் இரு வேறு ஆசிரியரிடம் பிரித்துக் கொடுத்துவிட்டோம். எண்ணைக் கணக்காசிரியர் காக்கிறார். எழுத்தைத் தமிழாசிரியர் காக்கிறார். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லைப்புறத்திற் சில சொற்கள் காவலின்றிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று 'மடங்கு' என்னுஞ் சொல்.

"சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு மரக்கறி விலை மூன்று மடங்கு அதிகரித்துள்ளது." இத்தகைய வாக்கியத்தை நாம் செய்தித்தாள்களில் அடிக்கடி காண்கிறோம். சென்ற ஆண்டு நூறு ரூபாவுக்கு விற்ற பொருளின் விலை இவ்வாண்டு யாது? கண்டியில் என் உயர்வகுப்பு மாணாக்கரிடம் இவ்வினாவை விடுத்தேன். ஒரு சாரார் முந்நூறு என்றனர். மற்றொரு சாரார் நானூறு என்றனர். "மூன்று மடங்கு என்றால் முந்நூறுதானே?" என்பது முதற்சாரார் வாதம். "மூன்று மடங்கு அதிகரித்தது என்றல்லவா எழுதியிருக்கிறது? அதிகரித்தது முந்நூறு, முன்னிருந்தது நூறு, ஆக நானூறு" என்பது மற்றவர் வாதம். இந்த இரண்டாஞ் சாராரை அறியாதவர் என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. அவர்கள் வாக்கியத்தை எழுதியவாறே படித்தவர்கள். பிழை படித்தவரிடம் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது.

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வகுத்த நன்னூலார், 'மயங்க வைத்தல்' என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். பொருள் இதுவோ அதுவோ என்று படிப்பவர் தடுமாறும்படி எழுதுதல் அக்குற்றம். செய்யுளில் அது சுவையைக் கெடுக்கும். கணக்கிலோ கைப்பொருளைக் கெடுக்கும். ஆகவே இம்மயக்கம் எங்கிருந்து வந்தது, இதனை எவ்வாறு நீக்கலாம் என்று ஆராய்வது தமிழாசிரியன் கடமைக்குப் புறம்பானதன்று என்று கருதுகிறேன்.

ஆங்கிலத்தில் வழங்குஞ் சொற்கள்

மயக்கத்தின் ஒரு வேர் ஆங்கிலத்தில் உள்ளது. நம் செய்திகளிற் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படுவன. ஆகவே அம்மொழி பெருகிய அளவுகளை எவ்வெச் சொற்களாற் குறிக்கிறது என்று முதலிற் காண்போம்.

ஒருமுறை, இருமுறை, மும்முறை என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் 'வன்ஸ்', 'ட்வைஸ்', 'த்ரைஸ்' என மூன்று சொற்கள் உள. இவற்றின் ஈற்றில் ஒலிக்கும் சகர ஒலி பழைய ஆங்கிலத்தின் ஆறாம் வேற்றுமை உருபின் எச்சம். மூன்றோடு இவ்வரிசை நின்றுவிடுகிறது. நான்குக்கு இவ்வாறு ஒரு சொல் இல்லை. 'நான்கு டைம்ஸ்' என்றே கூற வேண்டும். மூன்றாவதாகிய 'த்ரைஸ்' என்பதும் இங்கிலாந்திற் பேச்சுவழக்கில் அருகிவிட்டது. இந்தியாவிலும் நம் நாட்டிலுமே அது இன்னும் உயிரோடு உலவுகிறது. காலத்தைக் குறிக்கும் 'டைம்' என்னுஞ் சொல்லின் பழைய வேர் பகுத்தல் என்னும் பொருளது. பகுக்கப்பட்ட காலத்துண்டு ஒவ்வொன்றும் ஒரு 'டைம்'. அவ்வழியே அது 'தடவை' என்னும் பொருளும், பின்னர்ப் பெருக்கற்பொருளும் பெற்றது. நாமும் தரம், தடவை என்கிறோம். ஈழத்து வகுப்பறைகளில் 'மூன்று தர நான்கு பன்னிரண்டு' என்று ஒலிப்பதும் இவ்வகையினதே.

மற்றொரு குடும்பம் இதனினும் சுவையானது. இருமடங்கை ஆங்கிலேயர் 'டூஃபோல்ட்' என்பர். பன்மடங்கை 'மெனிஃபோல்ட்' என்பர். 'ஃபோல்ட்' என்பது மடிப்பு. இது செருமானிய மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல். பிரெஞ்சின் வழியாக இலத்தீனிலிருந்து வந்த சொற்களும் இதே உவமையைத் தாங்கியவை. இலத்தீனில் 'டூப்ளெக்ஸ்' என்றால் இரு மடிப்பு. 'சிம்ப்ளெக்ஸ்' என்றால் ஒரே மடிப்பு, அஃதாவது மடியாதது. 'டபிள்', 'டிரிபிள்', 'குவாட்ரூபிள்' என்பன இவ்வினத்தவை. எளிமையைக் குறிக்கும் 'சிம்பிள்' என்னுஞ் சொல்லும் இவற்றின் உடன்பிறப்பே. 'ட்ரெபிள்', 'டிரிபிள்' என்னும் இரண்டும் ஒரே இலத்தீன்ச் சொல் இருவேறு காலங்களில் ஆங்கிலத்துட் புகுந்ததனால் உண்டான இரட்டைப் பிள்ளைகள்.

தமிழின் 'மடங்கு' என்பதோ மடங்குதல், வளைதல் என்னும் வினையின் வழிவந்தது. இருமடி, மும்மடி என்பனவும் அவ்வாறே. ஒன்றையொன்று அறியாத இரு மொழியினர், பெருக்கத்தை நினைத்தவுடன் மடித்த துணியை நினைத்திருக்கின்றனர்.

வடமொழியினர் துணியை விட்டுக் கயிற்றைப் பற்றினர். 'குணம்' என்பதற்குப் பண்பு என்னும் பொருளோடு இழை, கயிற்றின் புரி என்னும் பொருள்களும் உண்டு. 'துவிகுணம்' என்பது இருபுரியாகி, அதன்வழி இருமடங்காயிற்று. பழைய தமிழ்க் கணக்கில் பெருக்கலைக் 'குணித்தல்', 'குணனம்' என்று வழங்கியதும் இதனாலேயே. கண்டியில் வாழும் நமக்கு இச்சொல் நாள்தோறும் காதில் விழுவது. சிங்களத்தில் இருமடங்கு 'தெகுண'. பெருக்கல் 'குண கிரீம'. ஆக, தமிழரும் ஆங்கிலரும் மடிப்பை எண்ணுகின்றனர். சிங்களவர் வடமொழி வழிநின்று புரியை எண்ணுகின்றனர்.

எண்ணத் தொடங்குவது எங்கே?

இவ்வுவமையிலேயே மயக்கத்தின் மற்றொரு வேரும் கிடக்கிறது. ஒரு துணியை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு உண்டாகிறது. மடித்த கோட்டை எண்ணினால் ஒன்று; அடுக்கை எண்ணினால் இரண்டு. 'ஒரு மடங்கு கூடிற்று' என்போர் கோட்டை எண்ணுகின்றனர். 'இருமடங்கு ஆயிற்று' என்போர் அடுக்கை எண்ணுகின்றனர். இருவரும் கூறுவது ஒரே தொகை. 'இருமடங்கு கூடிற்று' என்று இரண்டையும் கலக்கும்போதே குழப்பம் பிறக்கிறது.

மடங்கு என்பது அடுக்கையே எண்ணும் சொல், விரிந்து கிடக்கும் துணியே முதலாவது அடுக்கு என்பது என் துணிபு. இதற்குச் சான்றுகள் பல.

முதலாவது சான்று நம் பள்ளிக் கணக்கு. ஐந்தின் மடங்குகள் யாவை என்றால் ஐந்து, பத்து, பதினைந்து என்று எந்தச் சிறுவனும் கூறுவான். ஐந்தின் முதல் மடங்கு ஐந்தே. பொது மடங்குகளுட் சிறியதைக் காணப் பழகிய மாணாக்கன் பதினைந்தே ஐந்தின் மும்மடங்கு என்பதை ஐயமின்றி அறிவான். கணக்குப் பாடத்தில் இவ்வளவு தெளிவாக நிற்குஞ் சொல், செய்தித்தாளில் ஏறியவுடன் தள்ளாடுவானேன்?

இரண்டாவது சான்று நம் இலக்கணம். 'தன்னொற்று இரட்டல்' என்று நாம் கற்பிக்கும்போது ஒரு றகர மெய் இரண்டாகிறது. இரட்டல் என்றமையால் இருந்த ஒன்றோடு இன்னும் இரண்டு சேர்ந்து மூன்றாகும் என்று எவரும் கொள்வதில்லை.

மூன்றாவது சான்று நம் அயல்மொழியாகிய கன்னடம். மைசூர் மன்னர் மரபிற் கிருஷ்ணராசர் என்னும் பெயர் கொண்டவருள் மூன்றாமவரை 'மும்மடி கிருஷ்ணராச உடையார்' என்றும், நான்காமவரை 'நால்வடி கிருஷ்ணராச உடையார்' என்றும் வழங்குவர். சளுக்கியருள் இரண்டாம் புலிகேசி 'இம்மடி புலிகேசி' எனப்படுவான். முதற்கண் இருந்தவனை ஒன்றாக வைத்தே அடுத்தவனை இம்மடி என்றனர்.

நான்காவது சான்று சட்டம். ஐயத்துக்கு இடங்கொடுக்கலாகாத துறை அது. உரோமர் சட்டத்திற் களவு செய்யும்போதே கையும் மெய்யுமாகப் பிடிபட்ட கள்வனுக்குப் பொருளின் விலையைப்போல் நான்மடங்கு தண்டம்; அவ்வாறு பிடிபடாத கள்வனுக்கு இருமடங்கு. பொருளின் சொந்த விலையை அவர்கள் 'சிம்ப்ளம்', அஃதாவது ஒருமடங்கு, என்றே வைத்து எண்ணினர். கடன் விடயத்திலும் அவ்வாறே. நம் நாட்டுப் பொதுச் சட்டத்துக்கு அடித்தளமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தில் ஒரு நெறி உண்டு. செலுத்தாது நின்ற வட்டி, முதலுக்குச் சமமாகும் அளவில் மேலும் வளராது நின்றுவிட வேண்டும். அந்நெறிக்குப் பெயரே 'இருமடங்கு' என்னும் பொருள்பட அமைந்தது. இந்தியாவிலும் மனு முதலியோர் வழிவந்து, 'தாம்துபத்' என வழங்கும் நெறி இதுவே. ஆயிரம் ரூபா கடன்பட்டவன் முதலும் வட்டியுமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. இந்த இருமடங்கை 'இருமடங்கு அதிகம்' என்று எவரேனும் படித்தால், அந்த ஏழையின் தலையில் மூவாயிரம் வந்து விழும். ஒரு சொல்லின் மயக்கத்துக்கு ஆயிரம் ரூபா விலை!

மலையகத்துக் கணக்கு

விலையும் கூலியும் பேசப்படும் இடங்களில் இச்சொல் படும் பாட்டையும் நோக்குவோம். கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அந்நாள் தொட்டு இம்மலைகளில் உழைப்போர் வாழ்வு எண்களாலேயே அளக்கப்பட்டு வந்திருக்கிறது. கொழுந்தின் நிறை ஓர் எண். நாட்கூலி ஓர் எண். நிறை குறைந்த அன்று விழும் 'அரைப்பேர்' ஓர் எண். அரைப்பேர் என்றால் யாது என்று இலக்கணம் கற்ற எவரும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. அதனை 1000 ரூபாவாக்க வேண்டும் என்று 2018இல் மலையகமெங்கும் குரல் எழுந்தது. 2019இல் 700 ரூபாவே கிடைத்தது. 2021இல் வர்த்தமானி மூலம், 900 ரூபாச் சம்பளமும் 100 ரூபா நிவாரணப்படியுமாக 1000 ரூபா ஆயிற்று. கேட்கப்பட்டது என்ன? சம்பளத்தை இருமடங்கு ஆக்குக என்பது. வேறு வகையாற் கூறின், நூறு வீதம் கூட்டுக என்பது. இதனை 'இருமடங்கு அதிகரிப்பு' என்று எழுதினால், எழுத்துப்படி அது 1500 ரூபாவுக்கான கோரிக்கை ஆகிவிடும். 'இருநூறு வீத அதிகரிப்பு' என்றாலும் அதுவே. நியாயமான கோரிக்கையைப் பேராசையாகக் காட்ட வேறொருவர் வேண்டியதில்லை. நம் வாக்கியமே போதும்.

இதன் மறுபுறமும் உண்டு. 2022 செப்டெம்பர் மாதத்திற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று அறிவிக்கப்பட்டது. இதனைத் தமிழிற் கூறுவதானால், உணவின் விலை ஓராண்டினுள் ஏறக்குறைய இருமடங்கு ஆயிற்று என்பதே. ஐந்தாண்டு போராடிப் பெற்ற தொகையும் இருமடங்கு; ஓராண்டில் அடுப்படிக்கு வந்த செலவும் ஏறக்குறைய இருமடங்கு. இரண்டையும் ஒரே சொல்லாற் கூறினால் உண்மை பளிச்சென்று தெரிகிறது. ஒன்றை மடங்கிலும் மற்றொன்றை வீதத்திலும் கூறினால் அது மறைந்துவிடுகிறது. 'இருமடங்கு' பெரிதாகவும் 'தொண்ணூற்று நான்கு வீதம்' வேறெதுவோ போலவும் தோன்றும். சம்பளப் பேச்சைக் கேட்கும் பெற்றோருக்கு இவ்விரு மொழிகளையும் ஒன்றாகப் படித்துக் காட்டவல்ல பிள்ளைகளை நாம் உருவாக்க வேண்டாவா?

குறைவிலும் ஒரு மடங்கா?

இன்னொரு புதுவழக்கும் பரவி வருகிறது. 'விளைச்சல் மூன்று மடங்கு குறைந்தது' என்று எழுதுகின்றனர். மடங்கு என்பது பெருக்கத்தைக் குறிக்கும் சொல். அதனைக் குறைவோடு கூட்டுவது விந்தை. நூறு மூடை விளைந்த வயலில் மூன்று மடங்கு குறைந்தால், எழுத்துப்படி, இருந்த நூறும் போய் இன்னும் இருநூறு மூடை உழவன் கடன்பட வேண்டும்! மூன்றில் ஒரு பங்காயிற்று என்பதே எழுதியவர் கருத்து. அதனை அவ்வாறே எழுதலாமே.

பங்கைக் கூறத் தமிழிற் சொற்பஞ்சம் இருந்ததில்லை. அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி என்று இறங்கி, ஒன்றை முந்நூற்றிருபது கூறு செய்த முந்திரிக்கும் பெயர் வைத்த மொழி இது. எண்சுவடியைத் தலைகீழாக ஒப்பித்த திண்ணைப்பள்ளி மாணாக்கன், கீழ்வாய்க்கும் மேல்வாய்க்கும் வேறுபாடு அறிந்திருந்தான். நாமோ ஆங்கில வாக்கியத்தின் அச்சில் நம் சொல்லை வார்க்கப்போய் அவ்வேறுபாட்டை இழக்கிறோம்.

வழக்கு என்னும் மறுப்பு

'உலகவழக்கு இவ்வாறாயின் இலக்கணகாரன் அதைத் தடுக்கலாமா?' என்று சிலர் வினவுவர். ஆங்கிலத்திலும் 'மூன்று டைம்ஸ் அதிகம்' என்னும் தொடர்பற்றி நெடுநாள் வழக்கு உண்டு. பேரெழுத்தாளரும் அவ்வாறு எழுதியுள்ளனர். அது 'மூன்று மடங்கு' என்றே பொருள்படும், குற்றமன்று என்று கூறும் அகராதியாரும் உளர். அவர் கூற்றை நான் இகழவில்லை. தமிழிலும் மயக்கத்தோடு வாழும் சொற்கள் சில உள. 'முக்கால்' என்பது நான்கில் மூன்று கூறு. பழைய வழக்கில் மூன்றுமுறை என்பதும் அதுவே. 'நாலைந்து பேர்' என்றால் நால்வரோ ஐவரோ. வாய்பாட்டில் 'நாலைந்து' என்றால் இருபது. இவற்றால் எவரும் இடர்ப்பட்டதில்லை. கோயிலை முக்கால் வலம் வந்தான் என்றால், நான்கிற் கூறுபோட்டு ஒரு மூலையில் நின்றுவிட்டான் என்று எவரும் கொள்ளார். இடமே பொருளை உணர்த்திவிடுகிறது.

'மூன்று மடங்கு அதிகம்' என்பதற்கு அவ்வாறு உணர்த்தும் இடம் இல்லை. முந்நூறும் நடக்கக்கூடியது, நானூறும் நடக்கக்கூடியது. இடத்தாலும் தீராத மயக்கத்தைச் சொல்லாலேயே தீர்க்க வேண்டும். வழக்கைத் தொல்காப்பியர் போற்றியது பொருளை விளக்குவதற்காக. பொருளை மறைக்கும் வழக்கைக் காப்பதற்காக அன்று.

முனைந்தால் ஒரு சொல்லின் பொருளை நிலைநிறுத்தலாம் என்பதற்கு ஆங்கிலத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 'மில்லியன்' என்னும் இத்தாலியச் சொல்லுக்குப் 'பேராயிரம்' என்பது பொருள். நம் கணக்கிற் பத்து இலட்சம். 1484இல் பிரெஞ்சுக் கணிதர் நிக்கொலா சூக்கே, மில்லியனை மில்லியனாற் பெருக்கிய தொகைக்கு இரண்டாம் மில்லியன் என்னும் கருத்தில் 'பில்லியன்' என்று பெயரிட்டார். அது நம் கணக்கில் இலட்சங்கோடி. பின்னர்ப் பிரெஞ்சுக்காரருட் பலர் அதே சொல்லை ஆயிரம் மில்லியனுக்கு, அஃதாவது நூறு கோடிக்கு வழங்கினர். அமெரிக்கர் அதனைப் பின்பற்றினர். ஆங்கிலேயரோ பழைய பொருளிலேயே நின்றனர். ஒரே சொல், ஒரே மொழி. கடலுக்கு இப்பால் ஒரு தொகை, அப்பால் அதன் ஆயிரத்தில் ஒரு கூறு! 1974 டிசெம்பரிற் பிரதமர் ஹரோல்ட் வில்சன், இனி அரசாங்கக் கணக்குகளிற் பில்லியன் என்பது ஆயிரம் மில்லியனையே குறிக்கும் என்று பாராளுமன்றத்தில் அறிவித்தார். மயக்கம் பெரும்பாலும் தீர்ந்தது. ஆயினும் பழைய ஆங்கில நூல்களைப் புரட்டும் மாணாக்கர், அச்சிட்ட ஆண்டையும் நாட்டையும் நோக்கியே அச்சொல்லுக்குப் பொருள்கொள்ள வேண்டும்.

நமக்குப் பிரதமர் அறிவிப்பு வேண்டியதில்லை. ஆசிரியரும் பத்திரிகை எழுத்தாளரும் மூன்று செய்திகளில் உடன்பட்டாற் போதும். மடங்கு என்பதை 'ஆயிற்று' என்னும் வினையோடு சேர்ப்போம்: விலை மும்மடங்கு ஆயிற்று. கூடிற்று, அதிகரித்தது என்னும் வினைகளைத் தொகையோடு அல்லது வீதத்தோடு சேர்ப்போம்: விலை இருநூறு ரூபா கூடிற்று, இருநூறு வீதம் கூடிற்று. குறைவைப் பங்காற் கூறுவோம்: விளைச்சல் மூன்றில் ஒரு பங்காயிற்று. இம்மூன்றையும் ஒரு பாடவேளையிற் கற்பித்துவிடலாம். கணக்காசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பில் ஒருங்கே நின்று கற்பித்தால் இன்னும் நன்று. அன்றைய செய்தித்தாளையே பாடநூலாகக் கொண்டு, அதில் வரும் மடங்குகளை மாணாக்கரே திருத்தி எழுதட்டும்.